தாங்கி நெளிந்தால், அதிர்ந்தால், அலறினால்: உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று முதலில் பாருங்கள்

எங்கள் பட்டறைக்கு வருகிற தொலைபேசி அழைப்பில் பாதி ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அண்ணை, தாங்கி ஒரு மாதிரிச் சத்தம் போடுது, ஒருக்கா வந்து பாப்பீங்களோ?" நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "சத்தம் போடேக்க உள்ளுக்கு எவ்வளவு தண்ணி நிண்டது?" அநேகமானோருக்குத் தெரியாது. ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுங்கோ என்பேன். சிலருக்குக் கோபம் வரும். ஆனால் அந்த ஒரு விடையில் பாதி வேலை முடிந்துவிடும்.

காரணத்தைக் குசினியிலேயே பார்க்கலாம். சில்வர் பேணி ஒன்றை எடுத்து வெறுமையாக வைத்து, விளிம்பில் கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். பிறகு கால்வாசிக்குத் தண்ணீர் விட்டுத் தட்டுங்கள். சத்தம் கிட்டத்தட்ட அதேதான். அரைவாசியிலும் பெரிய மாற்றம் இராது. முக்கால்வாசியைத் தாண்டியதும் சுருதி விறுவிறுவென்று இறங்கும். ஜலதரங்கம் வாசிப்பவர்கள் கிண்ணத்தில் கரண்டி கரண்டியாக நீர் விட்டுச் சுருதி சேர்ப்பது இதை வைத்துத்தான். விளிம்புதான் அதிகம் ஆடுகிறது, அடி அசையாமல் நிற்கிறது. அசையாத இடத்தில் நிற்கும் தண்ணீர் சுவருக்குச் சுமையாவதில்லை. ஆடும் இடத்தைத் தொட்டதும் தகடு தன்னோடு சேர்த்துத் தண்ணீரையும் தள்ள வேண்டியிருக்கிறது. தகடு மெல்லியது, தண்ணீரோ கனமானது. மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்ற எண், இறங்காமல் என்ன செய்யும்?

வீட்டில் பழைய மூக்குப்பேணி இருந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூக்குக்கு நேரே தட்டினால் ஒரு சத்தம், மூக்குக்கும் பக்கத்துக்கும் நடுவில் தட்டினால் கொஞ்சம் வேறு சத்தம். மூக்கின் பாரம் ஒரு விதமான ஆட்டத்தில் சேர்கிறது, மற்றதில் சேர்வதில்லை. தாங்கியின் பக்கத்தில் பொருத்திய குழாயும் இதே வேலையைத்தான் செய்யும்.

சரி, இனி நோயைப் பார்ப்போம்.

"ஒரு பக்கம் உள்ளுக்கு வாங்கிப்போச்சு"

சில்வர் தாங்கி வைத்திருப்பவர்களிடமிருந்துதான் இது அதிகம் வரும். அடுத்தது பவுசர்க்காரர், அதுதான் தாங்கி பூட்டிய தண்ணீர் லொறி ஓட்டுபவர்கள். எல்லோருக்கும் முதலில் வருகிற சந்தேகம் தகட்டின் தரம். நான் முதலில் பார்ப்பது மூடியை.

மெல்லிய உருளைக்கு உள்ளிருந்து வரும் அமுக்கம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு மீற்றர் விட்டம், 1.3 மீற்றர் உயரம், 0.7 மில்லிமீற்றர் தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் நின்றாலும் அந்தத் தகட்டில் வருகிற இழுவை, உருக்கு தாங்கக்கூடியதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதே தாங்கியின் உள்ளே காற்று குறைந்து, வெளியே இருக்கிற வளிமண்டல அமுக்கம் கொஞ்சம் மேலோங்கினால் போதும். கணக்குப்படி அரை மீற்றர் உயரத் தண்ணீருக்குச் சமமான அமுக்கத்திலேயே வழுவழுப்பான சுவர் மடிந்துவிடும். ஏற்கெனவே சின்ன நெளிவு இருந்தால் அதற்கும் முன்பே. தகடு அறுவதால் வருகிற சேதம் இல்லை இது. வட்டமாக நிற்கத்தெரியாமல் இதழ் இதழாக மடிவது. விற்கிற தாங்கிகளில் சுற்றிவரப் பட்டை பட்டையாக மேடு அழுத்தியிருப்பது அழகுக்கென்று நினைத்திருப்பீர்கள். மடியவிடாமல் பிடிப்பதற்குத்தான் அது.

அந்த அரை மீற்றர் எங்கிருந்து வருகிறது? தாங்கி நாலு மீற்றர் உயரத்தில், கீழே குளியலறைப் பைப் திறந்திருக்கிறது. குழாயில் நிற்கிற நாலு மீற்றர்த் தண்ணீர் கீழே இழுக்கும். இறங்கிய தண்ணீருக்குப் பதிலாக மேலே காற்று நுழைய வழி இருந்தால் ஒன்றும் இல்லை. வழி இல்லாவிட்டால் இழுவை முழுவதும் சுவரில்தான்.

எங்கள் ஊரில் காற்று வழி அடைபட மூன்று காரணம் கண்டிருக்கிறேன். ஒன்று, டெங்குப் பயம். நுளம்பு போகக்கூடாதென்று மூடியைப் பொலித்தீனால் சுற்றிக் கயிற்றால் இறுக்கிவிடுவார்கள். நோக்கம் சரி, செய்த விதம் பிழை. இரண்டாவது, குளவிக் கூடு. மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது: சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் என்ன செய்யுமோ அதையே காற்றுக்குழாயின் நுளம்பு வலையிலும் செய்யும். மோட்டர் போடும்போது தெறிக்கும் துளி காய்ந்து காய்ந்து, இரண்டு மூன்று வருடத்தில் வலை வெள்ளைப் பலகையாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வலை இருக்கிற மாதிரியே இருக்கும். விரலால் குத்திப் பார்த்தால்தான் தெரியும்.

சோதனை சுலபம். கீழே ஒரு பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு மேலே ஏறி மூடியைத் தளர்த்துங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனால் காரணம் பிடிபட்டது. அப்புறம் காற்றுக்குழாயை வெளியேறும் குழாயின் அளவுக்காவது, வலை போடுவதென்றால் அதைவிடப் பெரிதாகப் போட்டு, வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். வலையிருந்தால் நுளம்பு போகாது, வாய் கீழே பார்த்தால் துளியும் தெறிக்காது.

நெளிந்ததை நிமிர்த்தலாமா என்பது அடுத்த கேள்வி. காற்று விட்டுத் தண்ணீர் நிரப்பினாலே பாதி தானாக வெளியே வரும். வந்தபின் அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடி மாதிரி "டொக்" என்று உள்ளே போய் "டொக்" என்று வெளியே வந்தால், அந்தச் சுவரில் பழைய பலம் இல்லை. தாங்கி நிறைந்திருக்கும்போது தெரியாது, அடுத்த முறை காற்று வழி கொஞ்சம் அடைபட்டால் முதலில் மடிவது அங்கேதான். கூரான மடிப்பு விழுந்திருந்தால் அதில் வெடிப்பும் தேடுங்கள்.

பவுசர் வேறு கதை. தீவுப்பகுதிக்குத் தண்ணீர் கொண்டுபோன ஒரு பவுசரை நான் பார்க்கப் போனபோது, அதன் வயிறு மூன்று மடிப்பாக உள்ளே போயிருந்தது. சாரதித் தம்பி சொன்னது: "புழுதி விழுமெண்டு மேல்மூடியைப் பூட்டிப்போட்டுப் பம்பைப் போட்டன் அண்ணை. டமாரெண்டு ஒரு சத்தம்." ஈர்ப்பில் இறக்குவதைவிடப் பம்பால் உறிஞ்சுவது பல மடங்கு பொல்லாதது. 1.2 மீற்றர் விட்டம், முனைத் தகடுகளுக்கு இடையே இரண்டரை மீற்றர், தகடு 3 மில்லிமீற்றர் என்றால் கணக்குப்படி ஏறத்தாழ 8 மீற்றர்த் தண்ணீருக்குச் சமமான உறிஞ்சலைத் தாங்கும். பம்ப் அவ்வளவு இழுப்பது கடினம். ஆனால் அந்தப் பவுசரின் அடித்தகட்டைச் சுரண்டினேன், கறள் தின்று 2 மில்லிமீற்றர்தான் மிச்சம். மூன்று இரண்டாகியதால் பலம் மூன்றில் இரண்டாகியிருக்கும் என்று நினைக்காதீர்கள். இந்த வகை மடிப்பில் தடிப்பு இரண்டரை அடுக்கில் வரும், மிஞ்சியது மூன்றில் ஒன்றை விடச் சற்றுக் கூட. 8 மீற்றர், 3 மீற்றராகிவிட்டது. அதைப் பம்ப் மூச்சு வாங்காமல் இழுக்கும்.

"மோட்டர் போட்டா ரீங்காரம், பிறகு தானா நிக்குது"

தானாக நிற்கிறதால் பலர் கவனிப்பதில்லை. மோட்டரில் பிழை என்று கழற்றிக்கொண்டு வருவோரும் உண்டு. மோட்டருக்கு ஒன்றும் இராது.

மோட்டரில் ஒட்டியிருக்கும் விபரத் தகட்டைப் பாருங்கள். நிமிடத்துக்கு 2850 சுழற்சி என்று எழுதியிருந்தால் 60ஆல் வகுத்தால் செக்கனுக்கு 47.5. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் காந்தத்தின் முனகல் அதற்கு இரட்டிப்பாக 100இல் இருக்கும். இந்த இரண்டு எண்ணும் மாறுவதில்லை. மாறுவது தாங்கி. தண்ணீர் ஏற ஏறச் சுவரின் மீடிறன் பேணியில் பார்த்தது போல இறங்கி வருகிறது. இறங்கும் வழியில் மோட்டரின் எண் எதையாவது கடக்கும்போது பரிவு: இரண்டு தாளமும் ஒன்றாகி ஆட்டம் பெருகிவிடும். பள்ளிக்கூடத்தில் இசைக்கவையை வைத்துப் படித்த அதே பரிவுதான். தண்ணீர் இன்னும் ஏறினால் கடந்துபோய்விடும், ரீங்காரமும் அடங்கும். ஆகவே சத்தம் வருகிற நேரத்தில் தாங்கியின் வெளியே சோக்கட்டியால் நீர்மட்டத்தைக் கோடு போடுங்கள். மூன்று நாள் பாருங்கள். மூன்று கோடும் ஒரே இடத்தில் என்றால் பரிவு என்பதில் சந்தேகமில்லை.

கோடுகள் சிதறினால் மோட்டரைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒன்று: ஆடி, ஆவணியில் மட்டும் பம்ப் சரளைக்கல்லை அரைப்பதுபோல் சத்தமிட்டால், கேட்கவேண்டிய கேள்வி கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது. உறிஞ்சும் உயரம் கூடிவிட்டது. தாங்கி பாவம்.

பரிவு என்று தெரிந்தால் அதிர்வு எந்த வழியாக வருகிறதென்று பாருங்கள். ரீங்காரம் உச்சத்தில் இருக்கும்போது, தாங்கிக்குள் போகும் குழாயைக் கையால் இறுக்கிப் பிடியுங்கள். சத்தம் குறைந்தால் குழாய்தான் கொண்டுவருகிறது. மோட்டர் வாயில் ஒரு முழம் றப்பர் ஓஸ் போட்டு அதிர்வை வெட்டிவிடுங்கள். குழாய்ப் பிடிகளுக்குள் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றி இறுக்குங்கள். பாதிப் பேருக்கு இதோடு சரி.

பீவீசீக் குழாய் போட்டவர்கள் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். ஒரு அங்குல இரும்புக் குழாய் மீற்றருக்கு 2.4 கிலோ, உள்ளே நிற்கும் தண்ணீர் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். தண்ணீர் வந்தாலும் அதன் மீடிறன் பத்தில் ஒரு பங்குதான் குறையும். அதே அளவு பீவீசீயோ கால் கிலோ சொச்சம், தண்ணீர் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். மீடிறன் பாதியாக விழும். வெறுங்குழாயை ஆட்டிப் பார்த்து "இறுக்கமாத்தான் இருக்கு" என்று சொல்லும் பிளம்பரை நம்பாதீர்கள், தண்ணீர் ஓடும்போது அது வேறு குழாய். பிடிகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் மீடிறன் நாலு மடங்காகும். எல்லா இடைவெளியையும் அளந்து சமமாக வைக்கவேண்டாம், சமமாக வைத்தால் எல்லாத் துண்டும் ஒன்றாகச் சேர்ந்து பாடும்.

தாங்கிச் சுவரே பாடினால், ரீங்காரத்தின்போது விரல்நுனியைச் சுவரில் வைத்துச் சுற்றிவாருங்கள். ஓரிடத்தில் விரல் கூசும், அடுத்த சாணில் அடங்கும், திரும்பக் கூசும். கூசும் இடங்களை எண்ணுங்கள். இரண்டு மூன்றுதான் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். மெல்லிய உருளை மிகக் குறைந்த மீடிறனில் ஆடும்போது சிலவேளை நாலைந்து அலைகளாகப் பிரிந்து ஆடும். ஆர்னோல்ட், வார்பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1949இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: அலைகள் கூடக்கூடத் தகடு நீள்வது குறைகிறது, வளைவது கூடுகிறது, இரண்டும் சமரசமாகும் இடத்தில் அடிமீடிறன். உங்களுக்கு வேண்டியது, விரலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, கூசும் உயரத்தில் ஒரு றப்பர்ப் பட்டியைச் சுற்றி நாடா போட்டு இறுக்குவது. அடங்கும் உயரத்தில் எத்தனை பட்டி கட்டினாலும் பிரயோசனம் இல்லை.

"மோட்டர் நிப்பாட்டினா 'டங்' எண்டு அடிக்குது"

குழாயில் திரும்பி ஓடிவரும் தண்ணீர், அதைத் தடுக்கப் போட்ட ஒருவழி வால்வில் அறைகிறது. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் வந்த தண்ணீரைச் சடுதியாக நிறுத்தினால் இரும்புக் குழாயில் 140 மீற்றர் உயரத் தண்ணீரின் அமுக்கம் எழும், பீவீசீயில் 40 மீற்றர் சொச்சம். மொஸ்கோவின் நகரக் குழாய்களில் சோதித்து ரஷ்ய விஞ்ஞானி ஜூக்கோவ்ஸ்கி 1898இல் வெளியிட்ட விதி இது. பீவீசீச் சுவர் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அலை மெதுவாக ஓடுகிறது, அடியும் குறைகிறது. கையால் பைப்பைப் பூட்டும்போது இவ்வளவு வராது, வால்வு தாமதமாக அறையும்போதுதான் அருகில் வரும். தண்ணீர் திரும்பத் தொடங்குமுன்னே மூடிவிடும் சுருள்வில் வால்வு போடுங்கள். இருக்கிற வால்வில் சுண்ணாம்பு பிடித்துத் தட்டு மெதுவாக விழுகிறதா என்றும் கழற்றிப் பாருங்கள். இங்கே பெரும்பாலும் அதுதான்.

"பிறேக் பிடிச்ச பிறகும் பவுசர் தள்ளுது"

நிறையப் பாரம் ஏற்றியதால் என்று சாரதிகள் சொல்லுவார்கள். நிறைந்த பவுசர் நல்ல பிள்ளை. அரைவாசியில் வருவதுதான் பேய்.

மூன்று மீற்றர் நீளத் தாங்கியில் அறுபது சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால், அது முன்னும் பின்னும் ஒரு தடவை போய்வர இரண்டரை செக்கனுக்குச் சற்றுக் கூட எடுக்கும். பண்ணைப் பாலத்தில் முன்னால் போகிறவர் நிறுத்தி நிறுத்திப் போனால் நீங்களும் கிட்டத்தட்ட அதே தாளத்தில்தான் பிறேக்கை மிதிப்பீர்கள். ஊஞ்சலுக்கு உந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். நின்ற பிறகு ஒரு மூச்சு விட்டு, இரண்டு தொன் தண்ணீர் முன்தகட்டில் வந்து மோதும். சில்லு வழுக்குவது அப்போதுதான்.

உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு தடுப்புப் போட்டு மூன்று அறையாக்கினால் ஒவ்வொரு அறையிலும் ஆட்டம் ஒரு செக்கன் சொச்சத்துக்கு இறங்கும், மோதும் தண்ணீரும் மூன்றில் ஒன்றாகும். தடுப்பின் அடியிலும் உச்சியிலும் ஓட்டை வேண்டும். உச்சி ஓட்டையை மறந்துவிட்டால் ஒரு அறைக்கு மட்டும் காற்றுப் போகாது, முதலில் சொன்ன நோய் உள்ளுக்குள் வரும். குறுக்குத் தடுப்பு பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்தாது, ஆகவே அரைவாசியோடு முடக்கில் வேகம் கூடாது. முடிந்தால் ஒரே இடத்தில் முழுதாக இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புங்கள்.

தடுப்பு ஒட்டிய இடத்தில் வெளியே ஈரக்கோடு தெரிந்தால் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. மேலே ஒரு வரி வெல்டிங் அடித்து விடாதீர்கள், ஒரு மாதத்தில் பக்கத்தில் வெடிக்கும். வெடிப்பின் நுனியில் ஓட்டை துளைத்து, அரைத்து, நிரப்பி, மூலை உருட்டிய தகட்டுத் துண்டு மேலே வைக்கவேண்டும். உள்ளே தனியாக இறங்கவேண்டாம். முன்பு எரிபொருள் ஏற்றிய தாங்கி என்றால் நெருப்பைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், கழுவியாச்சு என்று யார் சொன்னாலும்.

"ஓஸ் பாம்பு மாதிரி அடிக்குது"

வெங்காயத் தோட்டத்தில் ஓஸை விட்டுவிட்டு ஓடிப் பிடித்திருப்பீர்கள். பம்பில் பிழை இல்லை. ஒரு முனை சும்மா கிடக்கும் குழாயில் வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால், ஓடும் தண்ணீரே அதற்கு ஆட்டத்தை ஊட்டும். சும்மா கிடக்கும் நீளத்தைக் குறைத்து நுனியைக் கவைத்தடியில் கட்டுங்கள், நின்றுவிடும்.

"அடி புடைச்சிருக்கு, இதுதானே யானைக்கால்?"

இணையத்தில் படம் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்டார். 1971இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் பெரிய உருக்குத் தாங்கிகளின் அடி சுற்றிவரப் புடைத்தது உண்மை. உள்ளே நீரமுக்கம் வெளியே தள்ள, மேலே ஆட்டம் கீழ்நோக்கி அமுக்க, இரண்டும் சேர்ந்து செய்த வேலை அது, பெயரும் யானைக்கால்தான். அவர் வீட்டுத் தாங்கிக்கு வந்தது அதுவல்ல. பிளாஸ்ரிக் தாங்கியை நாலு இரும்புச் சட்டத்தின் மேல் வைத்திருந்தார், சட்டங்களுக்கு நடுவே அடி தொங்கியிருந்தது. இறக்கி, முழு அடியும் பதிகிற மாதிரிக் கொங்கிறீட் தட்டுப் போட்டு வைக்கச் சொன்னேன்.

"புயலுக்கு முந்தித் தாங்கியை வெறுமையாக்கட்டோ?"

வேண்டாம், நிரப்புங்கள். வெறும் ஆயிரம் லீற்றர்ப் பிளாஸ்ரிக் தாங்கியை இரண்டு பேர் தூக்கலாம், காற்றும் தூக்கும். சில்வர் என்றால் காற்று அடிக்கும் பக்கம் உள்ளே மடியவும் பார்க்கும். நிறைந்தால் ஒரு தொன், அதோடு உள்ளிருந்து தண்ணீர் சுவரை வட்டமாகப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போகுமுன் நிரப்பவேண்டும். 2020 டிசெம்பரில் புரவிப் புயல் வந்த இரவு எனக்கே அது பிந்தித்தான் நினைவு வந்தது. இருட்டில் தம்பியும் நானும் ஏணியில் ஏற்றியது பதினாறு வாளி. கால்வாசிகூட வரவில்லை, மிச்சத்துக்குத் தாங்கியைச் சுற்றிக் கயிறு கட்டி நாலு சீமெந்துக் கல்லைத் தொங்கவிட்டோம்.